கல்விக் கட்டணம்

"'கல்வி'ங்கிற சொல்லுல புள்ளி போச்சுன்னா என்ன ஆகும்னு தெரியுமாடா உனக்கு?"

போன ஐப்பசியில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு அக்கா போனில் இப்படித்தான் ஆரம்பித்தாள். நான் அகரத்தில் எங்கள் வீட்டு மாடியில் படுத்திருந்தேன். முத்தாலம்மன் திருவிழாவை முன்னிட்டு பெங்களூரிலிருந்து வந்து, ஊரில் இருந்தபடியே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது. தூக்கக் கலக்கத்தில், "என்னக்கா, காலங்காத்தால இலக்கண வகுப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவள் திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. "வாட்ஸப்பைத் தொறந்து பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்திருந்தது. அவளுடைய பள்ளியின் இணையப் பக்கம். வட்டமுனைப் பெட்டிக்குள் பெரிய நீல எழுத்தில் தலைப்பு. 'கல்விக் கட்டணம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கலவிக கடடணம' என்று இருந்தது. பெட்டியின் மேல்விளிம்பு கத்தி வைத்தமாதிரி எல்லாப் புள்ளிகளையும் சீவி எடுத்திருந்தது. கீழே முதல் தவணை, இரண்டாம் தவணை விவரங்கள். பெற்றோர் குழுவில் ஒருவர் அதைப் போட்டு, "இதுக்கும் தவணை உண்டா சார்?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

அந்தப் பக்கத்தைச் செய்துகொடுத்தவன் நான். இன்னும் சரியாகச் சொன்னால், நான் ஏவிவிட்ட ஒரு ஏஐ ஏஜென்ட். அந்த ஏஜென்ட்டுக்குக் கண்ணாக இருந்த கருவிக்கு விளக்கக் குறிப்பு எழுதியவனும் நான்தான்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் "சாஃப்ட்வேர்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இந்தக் கட்டுரைக்கு அது போதாது.

ஏஜென்ட் என்றால், நாம் சொல்லும் ஒரு வேலையைத் தானே பல படிகளாகப் பிரித்துச் செய்துமுடிக்கப் பார்க்கும் மொழி மாடல். அதற்குக் கையும் கிடையாது, கண்ணும் கிடையாது. வெளியுலகத்தைத் தொட வேண்டுமென்றால் யாராவது ஒரு கருவியைக் கொடுக்க வேண்டும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்ற பொது விதிமுறையை வெளியிட்ட பிறகு, இப்படிக் கருவி செய்து கொடுப்பது ஒரு குடிசைத் தொழில் மாதிரி ஆகிவிட்டது. 2025 செப்டம்பரில் கூகுளே குரோம் பிரவுசரின் டெவ்டூல்ஸை ஏஜென்ட்டுகள் பயன்படுத்தும்படி ஒரு சர்வரை முன்னோட்டமாக விட்டது. எங்கள் டீம் செய்ததும் அதே குடும்பத்தைச் சேர்ந்த சின்னக் கருவிதான். ஓர் இணையப் பக்கத்தைக் காட்டினால் அதன் அலங்காரம் முழுவதையும், அதாவது என்ன நிறம், என்ன எழுத்துரு, எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் எடுத்து ஏஜென்ட்டிடம் நீட்டும். "இந்தப் பக்கம் மாதிரியே இன்னொன்று செய்" என்று சொன்னால் செய்ய முடியும்.

இதற்கு டாக்குமென்டேஷன் எழுதுவது என் பொறுப்பு. பத்து வருஷமாக டாக்குமென்டேஷன் எழுதுகிறேன். வழக்கமாக அதை யாரும் படிக்க மாட்டார்கள். இது வேறு மாதிரி. ஒரு கருவிக்கு ஒரு பெயர், என்னென்ன தர வேண்டும் என்ற பட்டியல், நாலு வரி விளக்கம். இவ்வளவுதான் மாடலுக்குப் போகும். உள்ளே இருக்கும் நிரலை அது பார்ப்பதில்லை. கருவி என்ன செய்யும், எதை நம்பலாம், எப்போது கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் அந்த நாலு வரியை வைத்தே முடிவு செய்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக, எழுதிய ஒவ்வொரு சொல்லையும் படிக்கிற வாசகர் எனக்குக் கிடைத்திருந்தார். சந்தேகமே கேட்காத வாசகரும்கூட.

அந்த நாலு வரியில் முதல் வரியாக நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால்: "ஒரு பக்கம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அந்தத் தோற்றத்தை இக்கருவி தருகிறது." எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ரிவ்யூ செய்தவர்கள் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா, "எங்க ஸ்கூல் வெப்சைட் பாக்கவே சகிக்கல, கொஞ்சம் சரிபண்ணிக் குடுடா" என்று கேட்டாள். தாளாளரிடம் "என் தம்பி பெரிய எஞ்சினியர், காசு வாங்க மாட்டான்" என்று சொல்லியும் வைத்திருந்தாள். எனக்கும் கருவியைச் சோதிக்க ஒரு நிஜமான பக்கம் வேண்டியிருந்தது. பழைய பக்கத்தின் அடையாளம் மாறாமல் புதிதாகச் செய் என்று ஏஜென்ட்டிடம் சொன்னேன். இருபது நிமிஷம். என் மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். அழகாக இருந்தது. பொத்தானை அமுக்கிவிட்டேன்.

அக்காவின் ஸ்கிரீன்ஷாட் வந்த காலையில் மாடியிலேயே உட்கார்ந்து, ஏஜென்ட் என்னென்ன கேட்டது, கருவி என்னென்ன சொன்னது என்ற பதிவை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கீழே தெருவில் மைக்செட் சோதனை நடந்துகொண்டிருந்தது.

பழைய தலைப்பின் வரி உயரம் என்ன என்று ஏஜென்ட் கேட்டிருக்கிறது. வரி உயரம் என்றால் ஒரு வரிக்கு மேலும் கீழும் சேர்த்து ஒதுக்கும் இடம். கருவி 'நார்மல்' என்று பதில் சொல்லியிருக்கிறது. பொய் கிடையாது. பிரவுசரிடம் 'கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல்' என்ற கட்டளையால் கேட்டால், பக்கத்தை வடிவமைத்தவர் எதுவும் குறிப்பிடாதபோது அதுவும் 'நார்மல்' என்ற சொல்லைத்தான் திருப்பித் தரும், எண்ணாகத் தராது. நார்மல் எவ்வளவு என்பது அந்த எழுத்துருவைச் செய்தவர் கையில் இருக்கிறது. தமிழ் எழுத்துருக்களில் பொதுவாகத் தாராளமாக வைத்திருப்பார்கள். ஆங்கிலத் தலைப்புகளை இறுக்கி வைப்பது இன்றைய வடிவமைப்பு மோஸ்தர். ஏஜென்ட் 'நார்மல்' என்பதைப் பார்த்துவிட்டு, தலைப்புதானே, நவீனமாக இருக்கட்டும் என்று 0.9 போட்டுவிட்டது. அதாவது எழுத்தின் அளவைவிடக் குறைவான இடம்.

இதோடு போயிருந்தால் புள்ளி பிழைத்திருக்கும். வரிக்கு வெளியே நீட்டிக்கொண்டாவது நின்றிருக்கும். ஆனால் பெட்டிக்கு வட்டமுனை வேண்டும் என்பதற்காக, வெளியே நீட்டுவதை வெட்டிவிடச் சொல்லும் 'ஓவர்ஃப்ளோ ஹிடன்' என்ற விதி அங்கே இருந்தது. அது ஏஜென்ட்டுக்குத் தெரியாது. ஏனென்றால் அதை நான் சொல்லவே இல்லை.

ஒரு உறுப்புக்கு பிரவுசர் வைத்திருக்கும் அலங்காரக் குணங்கள் முந்நூறுக்கும் மேல். ஒரு சாதாரணப் பக்கத்தில் ஆயிரம் உறுப்புகள் சர்வசாதாரணம். எல்லாவற்றையும் கொடுத்தால் ஏஜென்ட்டுக்கு மூச்சு முட்டும், டோக்கன் கணக்கில் பில்லும் எகிறும். அதனால் முக்கியமானவை என்று 23 குணங்களை நான்தான் பொறுக்கினேன். ஓவர்ஃப்ளோ அதில் இல்லை. தோற்றத்துக்கு அது எதற்கு என்று நினைத்தேன்.

அடுத்தது எழுத்துரு. அந்தத் தலைப்பின் எழுத்துரு என்று கருவி சொன்னது ஓர் ஆங்கில எழுத்துருவின் பெயரை. அதில் தமிழே கிடையாது. பிரவுசரிடம் கேட்டால் வடிவமைத்தவர் எழுதிக்கொடுத்த பெயர்ப்பட்டியலை அப்படியே ஒப்பிக்கும். உண்மையில் எந்த எழுத்துருவால் வரைந்தது என்று சொல்லாது. தமிழுக்கு என் மடிக்கணினி ஒரு எழுத்துருவைத் தேடிப் போட்டது, பெற்றோரின் ஆண்ட்ராய்டு போன்கள் வேறொன்றைப் போட்டன. வரியின் உயரக் கணக்கு பெயரளவில் இருக்கும் ஆங்கில எழுத்துருவின்படி. வந்து நிற்கும் எழுத்துகள் வேறு வீட்டுப் பிள்ளைகள். என் கணினியில் புள்ளி மயிரிழையில் தப்பியது. அவர்கள் போனில் தப்பவில்லை.

வரி உயரத்தை ஒன்றரையாக மாற்றி, பெட்டிக்குள் மேலே கொஞ்சம் இடம்விட்டு ஏற்றினேன். எட்டு நிமிஷ வேலை. அதற்குள் அக்காவைத் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

திருத்துவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். அந்தத் தலைப்பைக் காப்பி செய்து வேறொரு இடத்தில் ஒட்டினேன். 'கல்விக் கட்டணம்' என்று நிறைவாக வந்தது. புள்ளிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. யூனிகோடில் தமிழ்ப் புள்ளிக்கு 3021 என்று ஓர் எண் உண்டு. அந்த எண் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. கூகுளில் தேடினாலும் 'கல்வி' என்றுதான் அகப்படும். பார்வையற்றவர்களுக்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் 'கல்வி' என்றுதான் வாசிக்கும். ஏஜென்ட்டைக் கேட்டாலும் அதையே சொல்லும். கண்ணால் பார்க்கும் மனிதர்களுக்கு மட்டும் அது கலவி. என் வேலைக்காலத்தில் எத்தனையோ பிழைகள் பார்த்திருக்கிறேன். கணினி வரைக்கும் எல்லாம் சரியாக இருந்து, கண்ணுக்கு வந்து சேரும் கடைசி அரை அங்குலத்தில் தப்பாகப் போன பிழை எனக்கு இது முதல்.

அன்று சாயங்காலம் திண்டுக்கல் போனேன். அகரத்திலிருந்து தாடிக்கொம்பு வழியாக, கரூர் சாலையில் பஸ். அக்கா பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். மாமா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்க" என்று டிவி பக்கம் போய்விட்டார்.

"விளக்கக் கடிதம் எழுதிக் கேட்டாங்க, குடுத்துட்டேன்" என்றாள் தலை நிமிராமல்.

"என்ன எழுதுனக்கா?"

"தொழில்நுட்பக் கோளாறுன்னு. வேற என்ன எழுத? என் தம்பி செல்லம் குடுத்து வளத்த மிஷினுக்குத் தமிழ் தெரியாதுன்னா எழுத முடியும்?"

"அதுக்குத் தமிழ் தெரியும்க்கா. உன்னையும் என்னையும்விட நல்லாவே எழுதும்."

"எழுதும். ஆனா புள்ளி தெரியுமா அதுக்கு?"

தெரியும், தெரியாது இரண்டில் எதைச் சொல்வது என்று எனக்குப் புரியவில்லை. அவள் கோபத்துக்குக் காரணம் அந்தப் பகடி இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. பதினெட்டு வருஷமாக அந்தப் பள்ளியில் 'ஒற்று விட்டால் அரை மதிப்பெண் போச்சு' என்று சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருப்பவள். அன்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று, "மிஸ், வெப்சைட்டுக்கு எத்தன மார்க்கு கொறைப்பீங்க?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. அவளும் சிரித்துச் சமாளித்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது குரல் சரியாக இல்லை.

பிறகு அவளாகவே ஓலைச்சுவடி பக்கம் போனாள். கோபம் தணிந்தால் பாடம் நடத்துவது அவள் வழக்கம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் ஏடு எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிடுவது வழக்கம். குறில் எகர ஒகரத்துக்கும் அந்தக் காலத்தில் புள்ளிதான் அடையாளம், அதுவும் போய்விடும். வீரமாமுனிவர் வந்து நெடிலுக்குத் தனி வடிவம் தந்தது அதற்கப்புறம். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தபோது அவர் முன்னால் கிடந்தவை இந்த மாதிரி ஏடுகள்தான்.

"அவுக எப்படிப் படிச்சாங்க?" என்று கேட்டேன்.

"இடம் பாத்துப் படிப்பாங்க. முன்னாடி பின்னாடி என்ன வருதுன்னு பாத்து, இங்க புள்ளி இருக்கணும்னு மனசுல வச்சுக்குவாங்க. படிச்சவனுக்கு அது முடியும். ஃபீஸ் கட்ட வந்தவன் எதுக்குடா அந்தப் பாடு படணும்?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதுவே மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அலங்காரம் என்று ஒரு பக்கம், பொருள் என்று ஒரு பக்கம். இரண்டும் தனித்தனி என்றுதான் என் தலைமுறைக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் நாங்கள் வளர்ந்த தமிழ் இணையம் அப்படி இருக்கவில்லை. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டாலும், அது வீட்டுக் கணினிக்கு வந்துசேர வெகுகாலம் ஆனது. அதுவரை ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகளின் குப்பை. அந்தக் குறிப்பிட்ட எழுத்துருவை மேலே போர்த்தினால் மட்டும் அது தமிழ். 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூட்டி தாம், தாப் என்று தரப்படுத்தப் பார்த்ததும் இந்தக் கூத்துக்கு முடிவுகட்டத்தான். திண்டுக்கல் டிடிபி சென்டர்களில் "என்ன ஃபான்ட் சார்?" என்பதுதான் முதல் கேள்வி. ஃபான்ட் இல்லை என்றால் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரே இருக்காது, கட்டமும் கேள்விக்குறியும் இருக்கும். அந்தக் காலத்துப் பக்கம் ஒன்றை இன்றைய ஏஜென்ட்டிடம் கொடுத்து அலங்காரத்தைக் கழற்றச் சொன்னால், மொழியையே கழற்றிவிடும்.

அதையெல்லாம் தாண்டி வந்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன். முழுக்கத் தாண்டவில்லை போல.

அந்த வாரம் டாக்குமென்டேஷனைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன் சி.எஸ்.எஸ். பழைய கதையைத் தோண்டிப் படித்தேன். இது என் பழக்கம். வேலையைத் தள்ளிப்போட இதைவிட மரியாதையான வழி கிடையாது. 1994 அக்டோபரில் ஹோகன் வியும் லீ என்ற நார்வேக்காரர் இந்த அலங்கார மொழியை முதலில் முன்மொழிந்தார். அந்த முதல் வரைவில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஒரு சதவீதம் போடலாம். தலைப்பு 24 புள்ளி அளவில் இருக்க வேண்டும், இதில் என் பிடி நூறு சதவீதம். துணைத் தலைப்பு 20 புள்ளி, இதில் என் பிடி நாற்பது சதவீதம், மிச்சத்தைப் படிக்கிறவர் தீர்மானிக்கட்டும் என்கிற மாதிரி. 1996 டிசம்பரில் முதல் தரம் அதிகாரபூர்வமாக வந்தபோது அந்தச் சதவீதம் இல்லை. ஆனால் அந்த எண்ணத்தின் நிழல் போகவில்லை. ஒரு பக்கம் எப்படித் தெரியும் என்பதில் எழுதியவர், பிரவுசர், படிக்கிறவர் மூன்று பேருக்கும் இன்றும் பங்கு உண்டு.

ஒரு மதிப்பு எழுதப்பட்ட இடத்திலிருந்து திரைக்கு வருவதற்குள் ஆறு படிகள் ஏறி இறங்குகிறது என்று சி.எஸ்.எஸ். விதிநூல் சொல்கிறது. அறிவித்தது, போட்டியில் வென்றது, குறிப்பிட்டது, கணக்கிட்டது, பயன்படுத்தியது, கடைசியில் நிஜமானது. என் கருவி எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் நாலாவது படியில்; சில குணங்களுக்கு மட்டும் ஐந்தாவது படி. ஆறாவது படி, அந்தந்தத் திரையில் என்ன வந்தது என்பது, எப்போதும் கைக்கு எட்டாது. நான் எழுதிய முதல் வரி ஆறாவது படியைத் தருவதாகச் சொல்லியிருந்தது.

சில இடங்களில் அந்தக் கட்டளை வேண்டுமென்றே பொய் சொல்லும் என்பதும் ஞாபகம் வந்தது. நீங்கள் ஏற்கெனவே போய்வந்த இணைப்புகள் பிரவுசரில் வேறு நிறத்தில் தெரியும் அல்லவா? அந்த நிறத்தைக் கேட்டுக் கேட்டு நீங்கள் எங்கெல்லாம் போனீர்கள் என்று ஒரு தளம் கண்டுபிடித்துவிட முடிந்தது. 2010இல் மொசில்லாவின் டேவிட் பேரன் ஒரு தீர்வு சொன்னார். திரையில் ஊதா நிறத்தில் காட்டு. யாராவது கேட்டால், போகாத இணைப்பின் நிறத்தையே சொல். மற்ற பிரவுசர்களும் இந்த வழிக்கு வந்தன. கண்ணுக்கு ஒன்று, கேட்டவருக்கு ஒன்று. உங்கள் அந்தரங்கத்தைக் காக்கும் நல்ல பொய்தான். ஆனால் அது என் ஏஜென்ட்டுக்குத் தெரியாது, நான் சொன்னால் தவிர.

எழுதினேன். முதல் வரி இப்படி மாறியது: "பிரவுசர் கணக்கிட்டு வைத்திருக்கும் மதிப்புகளில் சிலவற்றை இக்கருவி தருகிறது. படிப்பவர் திரையில் தெரிவது இதிலிருந்து மாறுபடலாம்." அடுத்து, 'நார்மல்' என்பது எண் இல்லை, எண்ணாக ஊகிக்காதே. எழுத்துருப் பெயர் என்பது கேட்டவை, கிடைத்தவை அல்ல. இணைப்பின் நிறத்தை நம்பாதே. ஓவர்ஃப்ளோவைப் பட்டியலில் 24ஆவதாகச் சேர்த்தேன்.

குரோமில் ஒரு உறுப்பை வரைய எந்தெந்த எழுத்துருவிலிருந்து எத்தனை உருக்கள் வந்தன என்று எண்ணிச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. அதையும் கோத்தோம். ஆனால் அதுவும் ஏஜென்ட் ஓடும் கணினியின் கதையைத்தான் சொல்லும். பேகம்பூரில் ஒரு அம்மாவின் போனில் எது வந்தது என்று அதற்குத் தெரியாது.

"இவ்வளவு எதற்கு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாடலிடமே காட்டிவிட வேண்டியதுதானே?" என்று டீமில் கேட்டார்கள். மாடல்களால் படம் பார்க்க முடியும்தான். நியாயமான யோசனை. அக்கா அனுப்பிய அதே ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்து, தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது, ஏதாவது பிழை தெரிகிறதா என்று கேட்டேன்.

"கல்விக் கட்டணம். பிழை எதுவும் இல்லை" என்று பதில் வந்தது.

மறுபடி கேட்டேன். அதே பதில். வெவ்வேறு விதமாகச் சுற்றி வளைத்துக் கேட்டேன். புள்ளி இருக்கிறதா என்று நேராகக் கேட்டபோது, இருக்கிறது என்றது. பள்ளிக்கூடப் பக்கம், கீழே தவணைத் தொகை. இங்கே வரக்கூடிய சொல் கல்வி என்று அது தீர்மானித்துவிட்டது. அக்கா சொன்ன ஏடு படிக்கிறவர்கள் மாதிரியே இடம் பார்த்துப் படித்துவிட்டது. அவ்வளவு தமிழ் படித்திருக்கிறது. அதனாலேயே வெட்டுப்பட்ட புள்ளி அதற்குத் தெரியவில்லை.

நான் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கும் அதுதானே நடந்திருக்கிறது? என் மடிக்கணினியில் புள்ளி மயிரிழையில் தப்பியது என்று மேலே எழுதியிருக்கிறேன். உண்மையிலேயே தப்பியதா, அல்லது நானும் இருக்க வேண்டிய புள்ளியை மனதில் வைத்துப் படித்துவிட்டேனா? பழைய பதிப்பை மீட்டு, பெரிதாக்கிப் பார்த்தேன். 'ல்'லின் புள்ளி இருந்தது. 'ட்'டின் புள்ளி பாதி இல்லை. அன்றைக்கே என் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது.

ஆகவே விளக்கத்தில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். "தமிழ் போன்று எழுத்துக்கு மேலும் கீழும் குறிகள் வரும் மொழிகளில், எழுத்து முழுதாகத் தெரிகிறதா என்பதை இக்கருவியாலோ ஸ்கிரீன்ஷாட்டாலோ உறுதிசெய்ய முடியாது. அந்த மொழியைப் படிப்பவர் ஒருவரை, அவருடைய போனில் பார்த்துச் சொல்லக் கேள்."

இந்த வரிக்குத்தான் சண்டை வந்தது. என் மேனேஜர் நல்ல மனிதர், கத்த மாட்டார். வீடியோ காலில் அமைதியாகச் சொன்னார். நம் கருவியால் என்ன முடியாது என்று நாமே எழுதினால் எப்படி விற்பது? ஏஜென்ட் என்பதே மனிதர் தலையிடாமல் வேலை முடியத்தான். நீங்கள் அதை நடுவில் நிறுத்தி ஒரு ஆளைக் கூப்பிடச் சொல்கிறீர்கள். ஒவ்வொரு முறை கருவியை ஏற்றும்போதும் இந்த வரிக்கும் சேர்த்து டோக்கன் செலவாகும். இதை மனிதர்கள் படிக்கும் உதவிப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாமே?

"உதவிப் பக்கத்தை மனுஷங்க படிக்க மாட்டாங்க சார். ஏஜென்ட்டுக்கும் அது தெரியப்போறதில்ல" என்றேன்.

"தமிழில் எத்தனை பேர் இதைப் பயன்படுத்தப் போகிறார்கள்?"

என்னிடம் எண்ணிக்கை இல்லை. தமிழ் மட்டும் இல்லை, மேலே மெய்க்குறியும் கீழே உகரமும் வைக்கிற எழுத்துகள் பாதி ஆசியாவுக்கு உண்டு என்றேன். அது வாதத்துக்குச் சொன்னது. எனக்குள் ஓடியது ஒன்பதாம் வகுப்புப் பையனின் கேள்விதான். அதை எப்படி மீட்டிங்கில் சொல்ல முடியும்? கடைசியில் சொல்லியும் விட்டேன். கல்விக்கும் கலவிக்கும் என்ன வித்தியாசம் என்று கொங்கணி பேசும் ஒருவருக்கு ஆங்கிலத்தில் விளக்குவது தனி அனுபவம். ஒரு நிமிஷம் எதுவும் பேசாமல் இருந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "வரி இருக்கட்டும், பாதியாகக் குறையுங்கள்" என்றார்.

குறைத்தேன். 'போனில்' என்ற சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்று இரவு கண்திறப்பு. களிமண்ணில் செய்த அம்மனுக்குக் கண் திறப்பதைப் பார்க்க ஊரே திரண்டிருந்தது. நான் மீட்டிங்கை முடித்துக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் திறந்தாகிவிட்டது. கூட்டத்தின் பின்வரிசையில் நின்று, முன்னால் இருந்தவர்கள் தூக்கிப் பிடித்த போன் திரைகளில்தான் அம்மனைப் பார்த்தேன். அக்காவும் மாமாவும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். அவள் முழுசாகப் பேசவில்லை. பொரி உருண்டைப் பொட்டலத்தை மட்டும் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து, பள்ளியில் அரையாண்டுத் தேர்வு அட்டவணை போட வேண்டும் என்று கேட்டார்கள். அக்கா இல்லை, அலுவலகத்திலிருந்து நேராக எனக்கே மெயில் வந்திருந்தது. புதிய விளக்கத்தோடு ஏஜென்ட்டை ஓட்டினேன். பக்கத்தைச் செய்துமுடித்து, ஏற்றுவதற்கு முன்னால் நின்றது. "தலைப்புகளைத் தமிழ் படிப்பவர் ஒருவர் போனில் பார்த்துவிட்டாரா? உறுதியானதும் தொடர்கிறேன்" என்று கேட்டது.

சோதனை இணைப்பை அக்காவுக்கு அனுப்பினேன். பதில் வர முக்கால் மணி நேரம் ஆனது, வகுப்பில் இருந்திருப்பாள். அவளுடைய விரிசல் விட்ட போனைப் பக்கத்து மேசை டீச்சரின் போனால் படம் எடுத்து, அதில் சிவப்பாக ஒரு சுழி சுழித்து அனுப்பியிருந்தாள்.

"மூணாவது வரி பாரு. 'தேர்வு'ல ர் மேல புள்ளி பாதிதான் இருக்கு. அரை மார்க்கு போச்சு."